மாமரத்துக்குக் கட்டிய சங்கிலி

மச்சான்,

நேற்றுப் பின்னேரத்திலிருந்து மூன்று தடவை கை கழுவிவிட்டேன். சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், சாம்பல் போட்டும் தேய்த்தேன். உள்ளங்கையில் துரு மணம் போகவில்லை. உன் சங்கிலியின் மணம் அது. ஆறு வருடமாக என் மாட்டுக் கொட்டிலில் சாக்குக்குள் கிடந்ததை நேற்றுத்தான் வெளியே எடுத்தேன். இப்போது அதை முற்றத்து வெயிலில் நீட்டிப் போட்டு, வளையம் வளையமாக இலுப்பெண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறேன். பாதியில் எழும்பிவந்து இந்தக் கடதாசியை எடுத்தேன். எழுதி எந்தத் தபால்பெட்டியில் போடப்போகிறாய் என்று கேட்காதே. உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நேற்று கதிரவேலரின் வளவில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரத்தை விழுத்தினேன். ஓம், அதே கதிரவேலர்தான். உன்னைக் கொன்றது போதாதென்று உன் பெயரையும் கொன்ற மனுசன். அவரைப் பழிவாங்கினேன் என்று ஒரே வரியில் எழுதி முடித்திருக்கலாம். அப்படித்தான் எழுத நினைத்தேன். ஆனால் நீ அரைகுறையாகச் சொன்னால் விடமாட்டாய், "அடிமரத்திலையிருந்து சொல்லு" என்பாய். அடிமரத்திலிருந்தே சொல்கிறேன்.

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் தெற்கிலிருந்து சனம் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியதை நான் மறக்கவில்லை. எல்லோரும் உடுத்த உடுப்போடும் துணிமூட்டையோடும் இறங்க, நீ மட்டும் ஒரு மிசின் வாளைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினாய். இடுப்பில் இந்தச் சங்கிலியைச் சுற்றியிருந்தாய். நீ வேலை செய்த மர ஆலை எரிந்தபோது கைக்கு அகப்பட்டது அவை இரண்டும்தானாம். வண்டிலோடு உன்னை ஏற்ற வந்த எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "சட்டை ஒண்டைக் கொண்டந்திருக்கலாமே மச்சான்" என்றேன். "சட்டை வட்டுக்கோட்டையிலை தைக்கலாம், உதை ஆர் தைச்சுத் தாறது?" என்றாய். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த காலத்திலும் நீ இப்படித்தான். கேட்டவனை முட்டாளாக்கிவிட்டுத்தான் பதில் சொல்வாய்.

அதற்குப் பிறகு உன் வாளும் என் வண்டிலும் ஒன்றாகப் போயின. நல்ல மரத்தை வெட்ட ஊரில் கோடரிக்காரர் இருந்தார்கள். எங்களைக் கூப்பிட்டதெல்லாம் கெட்ட மரத்துக்குத்தான். ஷெல் பட்டுத் தலை வட்டிழந்த தென்னை, அரைவாசி எரிந்த புளி, காற்றில் வேர் கிளம்பிப் பக்கத்து வீட்டுக் கூரையில் சாய்ந்த வேம்பு. நல்ல மரம் விழப்போகிற பக்கத்தைச் சொல்லிவிட்டு விழும், காயப்பட்ட மரம் பொய் சொல்லும் என்பது உன் கணக்கு. அதனால் நீ மரத்தைத் தொடமுன் சுற்றி வருவாய். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். முதலாவது தரம் மேலே மட்டும் பார்ப்பாய், முறிந்து தொங்குகிற கொப்பு இருக்கிறதா என்று. இரண்டாவது தரம் கோடரியின் மொட்டைப் பிடங்கால் தட்டித் தட்டிக் காது கொடுப்பாய், உள்ளே கோதாகிப் பொந்து விழுந்திருக்கிறதா என்று. மூன்றாவது தரம் உள்ளங்கையால் பட்டையைத் தடவுவாய். இரும்புத் துண்டு ஒன்று மரத்துக்குள் புதைந்திருந்தால் வாள் சங்கிலி அறுந்து முகத்துக்கு வரும் என்று எனக்குக் காட்டித் தந்தவன் நீ. பார்க்கிற சனம் சிரிக்கும். "மாப்பிள்ளை பொம்பிளை பாக்கிறார்" என்று சொல்வார்கள். நீ கணக்கெடுக்கமாட்டாய்.

பிறகு ஓடுகிற வழி. மரம் விழும் பக்கத்துக்கு நேர் எதிரே ஓடக்கூடாது, அடிமரம் பின்னுக்கு உதைத்தால் ஆள் முடிந்தான். பின்பக்கமாகச் சாய்வாக இரண்டு வழி, கல்லும் கொடியும் இல்லாமல் துப்புரவாக்கி வைக்கவேண்டும். அதை நான்தான் மண்வெட்டியால் செதுக்குவேன். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் கோழிக்குஞ்சுகூட நிற்கக்கூடாது. அதற்குப் பிறகுதான் விழுகிற பக்கத்தில் ஆப்பு வடிவில் வாய் வெட்டுவாய். பின்வெட்டை முழுக்க அறுத்துவிடாமல் நடுவே நாலு விரல் அகலத்துக்கு மரத்தை மிச்சம் வைப்பாய். அதற்குப் பிணைச்சல் என்று பெயர் வைத்தாய். "கதவு பிணைச்சலிலை திரும்பிற மாதிரி மரமும் இதிலைதான் திரும்பும். இதை அறுத்தால் கதவு உன்ரை தலையிலை" என்பாய்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே இந்தச் சங்கிலி. வெடித்த மரமென்றால், சாய்ந்த மரமென்றால், வாளை எடுக்கமுன் வெட்டுகிற இடத்துக்கு மேலே சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி, ஆப்பு வைத்து இறுக்குவாய். இடுப்புக் கட்டு என்று சொல்வாய். சாய்ந்த மரத்தைப் பின்னால் அறுக்கும்போது அது விழமுன் நடுவே பிளந்து, பின்பாதி நெஞ்சுயரத்துக்கு எகிறும். சங்கிலி கட்டியிருந்தால் பிளவு அந்த இடத்தில் நிற்கும். கட்ட இருபது நிமிடம் பிடிக்கும். எனக்கு அது பெரிய அலுப்பு. வண்டிலிலிருந்து சாக்கை இறக்கி, சிக்கெடுத்து, உனக்கு எடுத்துத் தருகிறவன் நான்தானே. முணுமுணுத்துக்கொண்டுதான் செய்வேன்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

சண்டிலிப்பாயில் கதிரவேலரின் புகையிலைத் தோட்டத்து வேம்பு. கிணற்றடியில் நின்றது. நெஞ்சுயரத்தில் ஷெல் துண்டு பட்டு, அங்கிருந்து இரண்டாள் உயரத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. வெறும் நிலத்துப் பக்கமாகச் சாய்ந்தும் நின்றது. பார்த்தால் மிகச் சுகமான மரம், தள்ளிவிட்டாலே விழும் போல. அவர் பஞ்சாங்கம் பார்த்து நேரம் வைத்திருந்தார். பன்னிரண்டுக்கு ராகுகாலம், அதற்குமுன் மரம் நிலத்தில் கிடக்கவேண்டும். வாளுக்குப் பெற்றோல் போத்தல் தேடி அலைந்ததில் நாங்கள் போய்ச் சேரவே பதினொன்று தாண்டிவிட்டது. சோளகக் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது.

நீ மூன்று சுற்றுச் சுற்றினாய். வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாய். "அண்ணை, நாளைக்கு விடிய வாறம். காத்தும் கூடாது, நேரமும் காணாது" என்றாய்.

"நாளைக்கு அட்டமி. இண்டைக்கு விட்டால் இனிப் பத்து நாளைக்கு நல்ல நேரம் இல்லை. தோட்டத்திலை கண்டு நடோணும் தம்பி."

"காத்துக்குப் பஞ்சாங்கம் தெரியாதண்ணை."

கதிரவேலருக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்கடை வேதத்திலை நேரம் காலம் பாக்கிறேல்லை. எங்களுக்கு அப்பிடியில்லை. ஏலாதெண்டால் சொல்லு, கோடரிக்காரரைக் கூப்பிடுறன்" என்றார்.

வேதக்காரன், கிறிஸ்தவன் என்று அவர் குத்திக்காட்டியதுதான் உன்னைத் தைத்தது என்று எனக்குத் தெரியும். பிறகு வாளை எடுத்தாய். வாய் வெட்டி முடித்தாய். பின்வெட்டுத் தொடங்கிக் கொஞ்சத் தூரம் போயிருப்பாய். நான் இருபது பாகத் தூரம் தள்ளி நின்றேன். ஒரு சத்தம் கேட்டது. மரம் விழுகிற சத்தம் இல்லை, பலகை கிழிகிற சத்தம். நீ ஓடுகிற வழிக்குக் கால் வைத்துவிட்டாய், அதை நான் கண்டேன். ஒரு கால்தான் வைத்தாய். அடிமரத்தின் பின்பாதி எழும்பி உன் நெஞ்சில் பட்டது.

அவருடைய டிராக்டர் பெட்டியில்தான் உன்னை ஏற்றினோம். உன் தலை என் மடியில். உனக்கு நினைவில்லை, மூச்சு மட்டும் இழுத்தது. கதிரவேலர் வீட்டுக்குள் ஓடிப் போத்தலோடு வந்தார். பிள்ளை பெற்றவளுக்கும் கொடுப்பது, குளிரடித்தவனுக்கும் கொடுப்பது, எங்கள் வீடுகளில் அலுமாரிக்குள் மருந்தாக இருக்கிற அந்தப் பிராந்தி. "உள்ளை சூடு பிடிக்கட்டும்" என்று உன் வாயைத் திறந்து வார்த்தார். பாதி உள்ளே போனது, பாதி உன் சேட்டில் வழிந்தது. நினைவில்லாதவனுக்கு வாயில் எதுவும் வார்க்கக்கூடாது என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று எனக்கும் தெரியாது, நானும் உன் தலையைத் தூக்கிப் பிடித்தேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகமுன் மூச்சு நின்றுவிட்டது.

இதுவரைக்கும் அவரை நான் ஒரு மடையன் என்று மட்டும் சொல்லியிருப்பேன். மரண விசாரணையில்தான் அவர் யாரென்று தெரிந்தது. உன்னிடம் சாராய மணம் இருந்ததென்று ஆஸ்பத்திரியில் எழுதியிருந்தார்கள். அதை வாசித்துவிட்டு அவரைக் கேட்டார்கள். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வரேக்கையே மணந்தது. நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான். கேக்கேல்லை."

பனங்கருப்பணியைக்கூட இரண்டு தரம் மணந்து பார்த்துப் புளிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் குடிப்பவன் நீ. உன் தகப்பனார் வீடு வீடாகப் போய் மதுவிலக்குக்குக் கையெழுத்து வாங்கிய உபதேசியார். அந்த வீட்டுப் பிள்ளை வெறியில் மரம் வெட்டிச் செத்தான் என்று ஊர் முழுக்கக் கதை. சேர்ச்சில் வாய் திறந்து ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பெரிய கொடுமை. உன் மனுசி ரீச்சர் பாட்டுக்குழுவில் நிற்பதை விட்டுவிட்டா. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வாங்கில் இருந்து, ஆசீர்வாதம் முடியமுன் எழும்பிப் போய்விடுவா என்று கேள்விப்பட்டேன். உனக்கு மனைவியாக வந்தவவுக்கு உன் சாவைச் சொல்லி அழவும் வழியில்லாமல் போனது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். விசாரணையில் என்னையும் கேட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன், தப்பப் பார்க்கவில்லை.

அந்த ஆறு வருடமும் நான் கதிரவேலரை வெறுத்தே சீவித்தேன் மச்சான். சும்மா வெறுப்பில்லை. காலையில் பல் விளக்கும்போதே தொடங்கும். அவருடைய மகளின் கலியாணத்துக்குப் போகவில்லை, மனுசியின் செத்தவீட்டுக்கும் போகவில்லை. அவர் எதிரே வந்தால் வண்டிலைத் திருப்பமாட்டேன், நடு ஒழுங்கையில் விட்டு அவரை வேலியோரம் ஒதுங்கவைப்பேன். மழை பெய்து அவருடைய புகையிலை அழுகிய செய்தி வந்த அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். ஷெல் கூவிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் சனமெல்லாம் தங்கள் தங்கள் தெய்வத்தைக் கூப்பிடும். நான் "கதிரவேலற்றை வீட்டிலை விழட்டும்" என்றுதான் கூப்பிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் என் செபம்.

போன மாதம் அது விழுந்தது. வீட்டில் இல்லை, வளவில். மாமரத்தின் அடியில் ஒரு பாளம் பிய்ந்து, மேலே வெடிப்பு ஓடி, மரம் அப்படியே வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது. மகன் கனடாவிலிருந்து காசு அனுப்பி அனுப்பிக் கட்டிய வீடு. ஒரு பலத்த காற்று அடித்தால் கூரை போய்விடும். கோடரிக்காரர் பார்த்துவிட்டு மாட்டோம் என்றுவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் ஓடுகிற மிசின் வாள் ஒன்றுதான் இருந்தது, அது உன்னுடையது, என்னிடம் இருந்தது. நீ போன பிறகு அதைப் பழகிக்கொண்டேன். நீ செய்ததையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவன்தானே. ஆனால் வெடித்த மரமென்றால் ஏலாதென்று சொல்லிவிடுவேன். வெடித்த மரமென்றால் சாக்கை அவிழ்க்க வேண்டும். எனக்கு அது ஏலாது.

கதிரவேலர் என் வீட்டு வேலிப் படலைக்கு வந்தார். கையில் பெற்றோல் இரண்டு போத்தல். இப்போது அது மருந்துக்கும் கிடையாத சாமான், எங்கே பிடித்தாரோ. மனுசன் வற்றிப்போயிருந்தார். உள்ளே வாருங்கோ என்று நான் சொல்லவில்லை.

"வீடு போயிடும் தம்பி" என்றார்.

"வாறன்" என்றேன். "புதன்கிழமை வாறன்."

நாளை நான் வேண்டுமென்றே சொன்னேன் என்று அவருக்கு விளங்கியது. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்த நாலு நாளும் நான் அந்த மரத்தை வீட்டின்மேல் போட்டேன். மனதுக்குள் எத்தனை தரம் போட்டேன் என்று கணக்கில்லை. அது மிகச் சுலபம் மச்சான், நீதான் எனக்குக் காட்டித் தந்தாய், இப்படிச் செய்யக்கூடாது என்று. பிணைச்சலை ஒரு பக்கம் மெலிதாக அறுத்தால் போதும், மரம் தடித்த பக்கம் திரும்பும். வீட்டிலுள்ளவர்களை ஒழுங்கைக்கு அனுப்பிவிட்டுச் செய்தால் ஓடும் சுவரும் மட்டும்தான் போகும். "காத்து மாறிப்போச்சு" என்று சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? வெறியில் வெட்டினேன் என்றுகூடச் சொல்லட்டும், அந்தப் பட்டம் எங்களுக்குப் புதிதில்லையே என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ரீச்சரிடம் போனேன். ஆறு வருடத்தில் நாலாவது தரமோ ஐந்தாவது தரமோ. "நாளைக்குப் பதினொரு மணிக்குக் கதிரவேலர் வீட்டடிக்கு வாங்கோ. மரம் விழுத்திறன். ஒழுங்கையிலை தள்ளி நில்லுங்கோ" என்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. "வாறன்" என்றா.

நேற்று நான் எல்லாவற்றையும் உன் முறைப்படி செய்தேன். மூன்று சுற்று. மேலே பார்த்து, ஒரு முறிந்த கொப்பை முதலில் கயிறு போட்டு இழுத்து விழுத்தினேன். தட்டினேன், தடவினேன், இரண்டு இடத்தில் ஷெல் துண்டு புதைந்திருந்ததைச் சுண்ணாம்பால் வட்டம் போட்டேன். ஓடுகிற வழி இரண்டையும் நானே செதுக்கினேன். மேற்கொப்பில் வடம் போட்டு, எதிர்ப்பக்கத்துப் பனையில் கப்பி கட்டி, இழுக்க வந்த ஆறுபேரையும் மரம் எட்டாத தூரத்தில் பக்கவாட்டாக நிறுத்தினேன். பிறகு சாக்கை அவிழ்த்துச் சங்கிலியைக் கதிரவேலரின் காலடியில் போட்டேன்.

"சுத்துங்கோ" என்றேன்.

"நானோ?"

"நீங்கள்தான். ரெண்டு சுத்து. இறுக்கி."

எழுபது வயது. வெள்ளை வேட்டியோடு முழங்காலில் நின்று சுற்றினார். துரு அவருடைய வேட்டியெல்லாம் பட்டது. நான் உதவி செய்யவில்லை. ஊரவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அது இனித்தது, பொய் சொல்லமாட்டேன். ஆப்பை மட்டும் நானே அடித்து இறுக்கினேன், அதை அவரை நம்பி விடமுடியாது.

வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக வாய் வெட்டினேன். பின்வெட்டில் பாதிக்குமேல் போய், வெட்டுக்குள் இரண்டு ஆப்பு ஏற்றினேன். மா முறுகுகிற மரம் என்பதால் பிணைச்சலை ஒரு விரல் கூடுதல் தடிப்பாக விட்டிருந்தேன். வடம் விறைத்து நின்றது. இன்னும் கொஞ்சம் அறுத்து, இழுக்கச் சொன்னால் மரம் போய்விடும். அந்த இடத்தில் வாளை நிற்பாட்டினேன்.

பாதி வெட்டிய மரத்தை விட்டுவிட்டு நிற்கக்கூடாது. அது உன் முறைகளில் முதலாவது முறை. "ஒண்டில் தொடாதை, இல்லாட்டி முடி" என்பாய். அதை உனக்காகவே மீறினேன்.

"என்ன, நிப்பாட்டிப்போட்டாய்?" என்று கதிரவேலர் கிணற்றடியிலிருந்து கத்தினார்.

"வாள் சூடு. ஆறட்டும்."

"பன்னிரண்டுக்கு ராகுகாலமடா!"

"வரட்டும்."

சோளகம் எழும்பியது. மாமரத்தின் இலையெல்லாம் ஒரே பக்கம் புரண்டது. ஆப்பு மெல்ல முனகியது எனக்குக் கேட்டது. வடம் பிடித்தவர்கள் "அண்ணை, என்ன விளையாட்டு?" என்று சத்தம் போட்டார்கள். படலைக்கு வெளியே ரீச்சர் குடையோடு நின்றா.

"கதிரவேலர்" என்றேன். அண்ணை என்று சொல்லவில்லை. "அண்டைக்கு அவன் குடிச்சிருந்தவனோ?"

"உதை ஏன் இப்ப கதைக்கிறாய்?"

"இப்பதான் கதைக்கலாம். மரம் உங்கடை வீட்டைப் பாத்துக்கொண்டு நிக்குது."

அவர் மரத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். ஒரு பலத்த காற்று வந்தது. மேலே ஏதோ சடசடத்தது. "குடிக்கேல்லை" என்றார்.

"ரீச்சருக்குக் கேக்கேல்லை."

"குடிக்கேல்லை! பிராந்தி நான்தான் வாத்தனான். அவன் சாகக் கிடக்கேக்கை நான்தான் வாத்தனான். விசாரணையிலை பொய் சொன்னனான். நாளைக்கு வாறன் எண்டவனை அவசரப்படுத்தினதும் நான்தான். போதுமோ?"

போதாது என்றுதான் நினைத்தேன். இன்னும் கேட்கலாம், அழவைக்கலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. என்னை நேரே பார்த்துக்கொண்டு சொன்னார்: "மிச்சத்தையும் நீ சொல்லன். சங்கிலி வேண்டாமெண்டு சொன்னது ஆர்? ரீச்சரும் கேக்கட்டும்."

மச்சான், இதைத்தான் பிறகு சொல்கிறேன் என்றேன்.

அன்றைக்கு அவரோடு வாய் காட்டிய பிறகு நீ வாளுக்குப் போகவில்லை. வண்டிலுக்குத்தான் போனாய். சாக்கில் கை வைத்தாய். எனக்குப் பசி. வெயில். அந்த மனுசனின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. "உது சாய்ஞ்ச மரம், தானா விழும். சங்கிலியை விடு. கெதியா வெட்டிப்போட்டுப் போவம்" என்று நான் சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். நீ கதிரவேலருக்காக அவசரப்படவில்லை, எனக்காகத்தான் சாக்கை விட்டாய். விசாரணை நடந்த கட்டடத்து விறாந்தையில் கதிரவேலர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "நீ பிராந்திக் கதை எடுக்காதை, நான் சங்கிலிக் கதை எடுக்கமாட்டன்." நான் தலையாட்டினேன். உன் பெயரை அவர் தனியே கொல்லவில்லை. அவர் கழுத்தை நெரிக்க நான் காலைப் பிடித்துக்கொண்டேன்.

நேற்று அந்தச் சனத்துக்கு முன்னால், "ஓம். நான்தான் சொன்னனான்" என்றேன். "விசாரணையிலை பேசாமல் இருந்ததும் அதுக்காகத்தான்."

என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்குத் துணிவு வராது என்று நினைத்துத்தான் நாலு நாள் கணக்குப் போட்டிருந்தேன். வீட்டைக் காப்பாற்றத் தன் மானத்தை விட்டவர், என் மானத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார். அவருடைய இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ரீச்சர் அழவில்லை. குடையை மடக்கினா. வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் சொன்னா: "பாதி வெட்டின மரத்தை விட்டிட்டு நிக்கக்கூடாது. அவர் இருந்தால் ஏசுவார். முடியுங்கோ."

முடித்தேன். கண்ணில் தண்ணீர் நின்றபடியால் ஒரு தரம் சேட்டுக் கையால் துடைத்துவிட்டு வாளை இழுத்தேன். இன்னும் நாலு விரலுக்கு அறுத்து, ஆப்பை இரண்டு அடி அடித்து, "இழுங்கோ" என்று கத்திவிட்டு உன் வழியால் சாய்வாக ஓடினேன். மரம் வீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நான் சுண்ணாம்பால் கோடு போட்ட இடத்தில் விழுந்தது. கதிரவேலரின் வீட்டில் ஒரு ஓடுகூட அசையவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

தூசி அடங்கிய பிறகு ரீச்சர் படலையைத் திறந்துகொண்டு வந்தா. அடிமரத்தைச் சுற்றிச் சங்கிலி அப்படியே இறுகிக் கிடந்தது. வெடிப்பு சங்கிலிவரைக்கும் ஓடிவந்து, அந்த இடத்தில் நின்றிருந்தது. அவ குனிந்து, வெடிப்பு நின்ற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தா.

"இது கட்ட எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"இருவது நிமிசம், ரீச்சர்."

அவ தலையை ஆட்டினா. சங்கிலியை அவிழ்த்துச் சுருட்டி, உன் சாமான் உன் வீட்டில் இருக்கட்டும் என்று நீட்டினேன். அவ வாங்கவில்லை.

"உங்களிட்டையே இருக்கட்டும்" என்றா. "நீங்கள்தான் தூக்கோணும்."

இன்றைக்குச் சங்கானைச் சந்தையில் கதை பரவியிருக்கும். கத்தரிக்காய்க் குவியலுக்கும் வெங்காயக் குவியலுக்கும் நடுவே கதிரவேலரின் பொய்யும் என் பொய்யும் ஒன்றாகத்தான் விலைபோயிருக்கும். போகட்டும். அவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. ஒழுங்கையில் வண்டிலைத் திருப்பவும் மாட்டேன். எனக்கு என்ன தண்டனை என்பதை ரீச்சர் ஒரே சொல்லில் தீர்த்துவிட்டா, அதற்குமேல் எனக்கு முறைப்பாடு இல்லை. வருகிற ஞாயிறு அவ எந்த வாங்கில் இருப்பா என்று எனக்குத் தெரியாது. முன்வாங்கில் இருந்தால் நல்லது.

இனி வெடித்த மரத்துக்கு யார் கூப்பிட்டாலும் போவேன். நேரம் போகிறது என்று எவன் கத்தினாலும் முதலில் சாக்குத்தான் இறங்கும். எண்ணெய் காய்ந்துவிட்டது. இப்போதுதான் சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுப் பார்த்தேன். நீ கப்பலால் இறங்கின அன்றைக்கு இதை இடுப்பில் சுற்றிக்கொண்டு சிரித்தாய், எப்படிச் சிரித்தாயோ தெரியவில்லை. நல்ல பாரம் மச்சான்.